அவர் வராத வழி

மசூதியின் பின்மதிலை ஒட்டி எப்போதும் நிறுத்தும் இடத்திலேயே காரை நிறுத்திவிட்டுச் சண்முகவடிவு கீழே இறங்கினாள். இறங்கியவள் உடனே நடக்கவில்லை. மறுபக்கத்துக் கதவு சாத்தப்படும் சத்தம் இன்னும் வரவில்லையே என்று உள்ளே ஏதோ ஒன்று காத்துக்கொண்டிருந்தது. நாதனுக்குக் கதவை மெதுவாகச் சாத்தத் தெரியாது. குற்றாலநாதன் என்ற முழுப் பெயர் மஸ்கட்டில் யார் வாயிலும் நுழையாமல் நாதனாகிப் போனவர். இருபத்தைந்து வருஷத்தில் அவளும் மனசுக்குள் அப்படியே சொல்லப் பழகிவிட்டாள். அறுபது தாண்டியவர்களைக் கம்பெனி ஊருக்கு அனுப்பியபோது அவரும் பெட்டி கட்டிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போனார். போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவளுக்குக் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை, அதில் இன்னும் கொஞ்ச காலம் இருக்கட்டுமே என்று அப்போது பேச்சு. யார் அதை முதலில் சொன்னது என்பது அவளுக்கு இப்போது ஞாபகமில்லை. அவர் சொன்னாரா, தான் சொல்லி அவர் தலையாட்டினாரா. பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் இரண்டு பேர் மட்டுமே பேசிப் பேசி, எந்தப் பேச்சு யாருடையது என்று தெரியாமல் போய்விடுகிறது. மார்ச்சில் கான்ட்ராக்ட் முடிகிறது. தொடர்வதா வேண்டாமா என்று ஞாயிற்றுக்கிழமை ஆபீசில் சொல்லியாக வேண்டும். தினமும் சாயங்காலம் போன் பேசுகிறார், மோட்டார் ரிப்பேர் ஆனதைச் சொல்கிறார், பக்கத்து வீட்டு முருங்கை சாய்ந்ததைச் சொல்கிறார். வந்துவிடு என்று சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. கேட்டால்தான் சொல்வாரோ. கேட்டுச் சொல்கிற பதில் ஒரு பதிலா. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சத்தம் வராத அந்தக் கதவை ஒருதரம் பார்த்துவிட்டு நடக்க ஆரம்பித்தாள்.

மலை காலை வெயிலில் பழுப்பாக, தீய்ந்துபோன ரொட்டி மாதிரி கிடந்தது. புல் இல்லை, மண் இல்லை, உடைந்த கல்லின் மேல் கல். வெள்ளிக்கிழமைதோறும் ஏறி ஏறிக் கால் தானாகப் போகிற பாதை. வழி காட்டப் பாறைகளில் பூசியிருக்கும் வர்ணக் கோடுகளைப் பார்க்க வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை. கோடுகளைவிட நெருக்கமாக நாதனின் குரல் வழியெங்கும் கிடந்தது. இந்தக் கல் ஆடும், பார்த்துக் கால் வை. இந்த இடத்தில் மூச்சு வாங்கிக்கொள், தண்ணியை மடமடவென்று குடிக்காதே. அந்த வளைவு வந்ததும், பார், மேல்சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, நம்ம ஊரில் இப்போது மணி என்ன என்பார். ஒன்றரை மணி நேரத்தைக் கூட்டிச் சொல்ல வேண்டும், அவருக்கே தெரியும், இருந்தாலும் அவள் சொல்ல வேண்டும். அவர் போன பிறகு முதல் வெள்ளிக்கிழமை தனியாக வந்தபோது இந்தக் குரல் துணையாக இருந்தது. இரண்டாம் மாதம், மூன்றாம் மாதமும்கூட. எப்போது அது மாறியது என்று சொல்ல முடியவில்லை. ரேடியோவை அணைக்க மறந்துவிட்டு வெளியூர் போய்விட்டவர்கள் வீட்டுக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி, யாரும் இல்லாத இடத்தில் பேச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஆடும் கல் வந்தது. பார்த்துக் கால் வை என்றது. அவள் பார்த்துக் கால் வைத்தாள். வேண்டுமென்றே பார்க்காமல் வைக்கலாமா என்று ஒருகணம் தோன்றி, தோன்றியதற்கே வெட்கப்பட்டாள். ஒற்றை மரம் வந்தது. ஊரில் உடைமரம் என்போமே, அதே சாடை, குடை விரித்தாற்போல. அதன் நிழலில் கழுதைச் சாணி காய்ந்து கிடந்தது. இங்கிருந்து பாதை வலப்பக்கம் திரும்பி மலையின் தோளுக்கு ஏறும். அங்கே தட்டைப் பாறையில் உட்கார்ந்தால் கடல் தெரியும். அவித்த கடலையைத் தின்றுவிட்டு, பிளாஸ்க்கில் இருக்கிற டீயைப் பகிர்ந்துகொண்டு இறங்குவார்கள். இடப்பக்கம், மரத்துக்குப் பின்னால், ஒரு காய்ந்த ஓடை மலைக்குள் நுழைந்து போகும். அது முட்டுச்சந்து, போனால் திரும்ப வேண்டியதுதான் என்பார் நாதன். போய்ப் பார்த்திருக்கிறீர்களா என்று அவள் ஒருமுறை கேட்டதற்கு, பார்த்தாலே தெரியவில்லையா என்றார். பார்த்தால் தெரியத்தான் செய்தது. இன்றும் அப்படித்தான் தெரிந்தது. அவள் மரத்தைச் சுற்றிக்கொண்டு அதற்குள் இறங்கினாள்.

ஓடைப் படுகையில் வெள்ளைக் கூழாங்கற்கள் காலுக்கடியில் கலகலத்தன. கொஞ்ச தூரம் போனதும்தான் அவளுக்கு உறைத்தது, குரல் நின்றுவிட்டது. இந்தப் பாதையைப் பற்றி நாதன் எதுவும் சொல்லியதில்லை, அதனால் சொல்ல எதுவும் இல்லை. எந்தக் கல் ஆடும், எது ஆடாது, யாருக்குத் தெரியும். காது அடைத்துத் திறந்தாற்போல இருந்தது. தன் மூச்சு, பையில் தண்ணீர் தளும்புவது, எங்கோ மேலே ஒரு கல் தானாக உருண்டு நிற்பது, இவ்வளவுதான். நல்லா இருக்கு என்று வாய்விட்டுச் சொன்னாள். சொன்னது சுவரில் பட்டு அவளிடமே வந்தபோது அவ்வளவு நல்லாயில்லை. கிளினிக்கில் நாள் முழுக்க அரபியிலும் இந்தியிலும் மலையாளத்திலும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறாள், மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க, விடுங்க. அதைத் தவிர ஒரு நாளில் அவள் பேசுவது எவ்வளவு என்று யோசித்துப் பார்த்தாள். கடைக்காரரிடம் தயிர். லிப்டில் குட்மார்னிங். சாயங்காலம் போனில் ம், ம், அப்படியா. ஓடை இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் அகலமாக, வெயிலாக, ஆட்டுத்தடங்களோடு போனது. வலப்பக்கம் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்கு ஒரு பிளவு, உள்ளே நீலமாக நிழல். இடப்பக்கம்தான் புத்திசாலித்தனம் என்று யாரும் சொல்லாததால் அவள் வலப்பக்கம் நுழைந்தாள். சுவர்கள் குளிர்ந்திருந்தன. கையால் தடவிக்கொண்டே போனாள், வழுவழுப்பாக, எத்தனையோ மழை வெள்ளம் தேய்த்த கல். ஒரு திருப்பத்தில் தண்ணீர் இருந்தது. பாலைவன மலைக்குள், ஒரு பாய் அகலத்துக்கு, பச்சையாக, அசையாமல். குனிந்து பார்த்தால் விரல் நீள மீன்கள். எப்படி வந்தன, எதைத் தின்கின்றன, அடுத்த மழைவரை இதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி. அவள் ஷூவைக் கழற்றிக் காலை விட்டாள். மீன்கள் முதலில் ஓடின, பிறகு ஒவ்வொன்றாக வந்து குதிகாலைக் கொத்தின. கூச்சமாக இருந்தது. அவள் காலை இன்னொரு உயிர் தொட்டு எத்தனை காலமாயிற்று. அதை நினைத்ததும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். என்ன அசட்டுத்தனம், மீன் கொத்தினதற்கு அழுவார்களா. அழவில்லை. நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். போனை எடுத்துப் படம் எடுக்கப் போனவள், அது அவருக்குத்தான் போகும் என்று தோன்றியதும் மறுபடி பைக்குள் வைத்துவிட்டாள்.

குளத்தைத் தாண்டிப் பிளவு இறங்கத் தொடங்கியது. மலையின் அந்தப் பக்கம் எங்கோ ரோடு இருக்க வேண்டும், ஓடை என்றால் போய்ச் சேராமலா இருக்கும். ஒரு சறுக்குப் பாறை வந்தது, சிமெண்ட் பூசினாற்போல மழுமழுப்பு. உட்கார்ந்து சறுக்கினாள். பள்ளிக்கூடப் பூங்காவில் சறுக்குவது மாதிரிதான் இருந்தது, கீழே போய் நின்றபோது சிரிப்புக்கூட வந்தது. அடுத்த அடி எடுத்து வைத்தவள் அப்படியே நின்றாள். ஓடை அங்கே முடிந்து, ஒரு ஆளுக்கும் கூடுதலான ஆழத்தில் மறுபடி தொடங்கியது. நடுவில் ஒரு குண்டுக்கல் செருகிக் கிடந்தது, படியாகவும் உதவாது, பிடியாகவும் உதவாது. சரி, திரும்பிவிடலாம் என்று சறுக்குப் பாறைக்கு வந்தாள். கை வைத்தாள், வழுக்கியது. ஷூவைக் கழற்றி வெறுங்காலால் ஏறினாள். பாதிவரை போய், பற்றிக்கொள்ள எதுவும் கிடைக்காமல், நகம் கல்லில் கிறீச்சிட வயிற்றோடு தேய்ந்துகொண்டே கீழே வந்தாள். மறுபடி ஏறினாள். மறுபடி வந்தாள். போனால் திரும்ப வேண்டியதுதான் என்றாரே, திரும்பக்கூட முடியாதே என்று அவரிடம் சொல்வதாக நினைத்துக்கொண்டாள். பயம் உடனே வரவில்லை. முதலில் வந்தது எரிச்சல், பிறகு தாகம், பிறகு ஒரு சின்னக் கேள்வி: நான் இங்கே இருப்பது யாருக்குத் தெரியும். யாருக்கும் தெரியாது. கார் மசூதிக்குப் பின்னால் நிற்கிறது, அது அங்கே நிற்பதை யாரும் விசித்திரமாக நினைக்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளினிக்கில் தேடுவார்கள், மத்தியானம் வரை லீவு என்று நினைப்பார்கள். தேடினாலும் எங்கே தேடுவார்கள், வர்ணக் கோடு போட்ட பாதையில். மரம்வரை வந்து வலப்பக்கம் திரும்பிப் போய்விடுவார்கள். குதித்துவிடலாமா. உயரத்திலிருந்து குதித்தவர்களின் குதிகால் எலும்பை அவள் எக்ஸ்ரே படத்தில் பார்த்திருக்கிறாள், உதிர்ந்த வெல்லக்கட்டி மாதிரி இருக்கும். நீட்டுங்க, வலிக்குதா, அசையாதீங்க. வானம் மேலே ஒரு கோடாகத் தெரிந்தது, அதில் ஒரு வெள்ளைக் கழுகு குறுக்கே போயிற்று, கொஞ்சம் கழித்து மறுபடி போயிற்று. தன்னைத்தான் பார்க்கிறதோ. பார்க்கட்டும், அதுவாவது பார்க்கிறதே. கையில் போன் இருந்தது, எப்போது எடுத்தாள். பாறையின் விளிம்புக்குப் போய் நீட்டிப் பிடித்தால் சிக்னல் ஒரு கோடு வந்து வந்து போயிற்று. யாரைக் கூப்பிடுவது. போலீஸ் நம்பர் வாயில் வந்தது. போலீசிடம் எந்த இடம் என்று சொல்வது. கூட வேலை பார்க்கிற பிந்துவுக்கு வெள்ளிக்கிழமைதான் துணி துவைக்கிற நாள். விரல் இதையெல்லாம் கேட்கவில்லை, பழகின இடத்தில் போய் அழுத்திவிட்டது.

மணி அடித்ததுமே நாதன் எடுத்துவிட்டார். மூச்சு வாங்கியது அவருக்கு. நடந்துகொண்டிருந்தவர் மாதிரி.

"என்ன, அதுக்குள்ள ஏறிட்டியோ? நான் இன்னைக்குக் கெளம்ப நேரமாயிட்டு, இப்பந்தான் மரத்துகிட்ட வந்துருக்கேன்" என்றார்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த மரம், நீங்க எங்க இருக்கிய என்று கேட்டாள். மொட்டைமாடியில் என்றார். கொஞ்சம் தயங்கி, சிரிக்க முயன்று, விஷயத்தைச் சொன்னார். வெள்ளிக்கிழமையானால் அவள் கிளம்புகிற நேரத்துக்கு அவரும் மாடிக்குப் போய்விடுகிறாராம். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடக்கிறாராம். இந்தச் சுற்றில் ஆடும் கல், இந்தச் சுற்றில் வளைவு, இத்தனையாவது சுற்றில் மரம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறாராம். அவள் மலைத்தோளுக்கு ஏறி உட்காருகிற நேரம் அவரும் தொட்டி நிழலில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு இறங்குவாராம். பைத்தியக்காரத்தனம்தான், யாரிடமும் சொல்லாதே என்றார். அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். தனியாக நடக்கிறேன் என்று நினைத்த ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் கூடவே வந்துகொண்டிருந்திருக்கிறார். நெஞ்சு இளகியது, இளகின அதே இடத்தில் குளிரவும் செய்தது. அப்படியானால் அந்தக் குரல் வெறும் ஞாபகம் இல்லையா.

"உக்காந்துட்டியா? கடல் தெரியுதா?" என்றார்.

தெரியுது என்று சொல்ல வாய் தயாராகிவிட்டது. எதிரே ஈரக்கறை படிந்த பாறைச் சுவர் நின்றது.

"நான் அங்க இல்ல" என்றாள். "வேற பக்கமா வந்துட்டேன்."

அந்தப் பக்கம் நடக்கிற சத்தம் நின்றது. லைன் போய்விட்டதோ என்று பார்த்தாள், போகவில்லை. தூரத்தில் ஏதோ வீட்டில் குக்கர் விசில் அடிப்பது கேட்டது.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார் நாதன். வழக்கமான அதட்டல் அதில் இல்லை. சந்தையில் கூட வந்தவரின் கையை விட்டுவிட்ட ஆளின் குரல். அவள் மாட்டிக்கொண்டு நிற்பதைச் சொல்ல ஆரம்பித்தாள், ஒரு பாறை, மேலே ஏற முடியவில்லை என்பதற்குள் லைன் அறுந்துவிட்டது. மறுபடி அடித்தாள். கையை இன்னும் நீட்டி, கால் நுனியில் எம்பி, இன்னொரு விளிம்புக்குப் போய். அந்த ஒற்றைக் கோடு திரும்ப வரவே இல்லை.

அவ்வளவுதான், இனி யாரும் சொல்லப்போவதில்லை. ஷூவை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பையைக் கீழே போட்டாள். அது விழுந்த சத்தம் அவள் நினைத்ததைவிடத் தாமதமாக வந்தது, அதைக் கேட்டிருக்கவே வேண்டாம். விளிம்பில் முதுகைப் பள்ளத்துக்குக் காட்டிக் குப்புறப் படுத்து, ஒரு காலை இறக்கினாள், பிறகு மறு காலை. ஐம்பத்திரண்டு வயசில் இதென்ன கூத்து. குண்டுக்கல்லில் வலது கால் நுனி பட்டது, நின்றது, வழுக்கியது. முழங்கை கல்லில் உரச, இப்போது கையில் மட்டும் தொங்கினாள். தொங்கிக்கொண்டு எதை நினைப்பார்கள் மனிதர்கள், அவள் சமையல்கட்டில் ஊறப்போட்ட உளுந்தை நினைத்தாள். இட்லிக்கு ஆட்ட வேண்டும். ஒரு ஆளுக்கு எதற்கு அவ்வளவு உளுந்து, ஒரு வருஷமாக இரண்டு பேருக்குத்தான் ஊறப்போடுகிறாள், மிச்சம் புளித்துப்போகக் கொட்டுகிறாள். விரல்கள் ஒவ்வொன்றாகக் களைத்தன. பாறை கன்னத்தில் இழைந்தது, வெயில் படாத கல்லின் வாசனை, இரும்பும் மண்ணும் கலந்தாற்போல. மூச்சை இழு, பிடி. எத்தனையோ பேருக்குச் சொன்னதைத் தமிழில் தனக்குச் சொல்லிக்கொண்டாள். விடு. விட்டாள். கூழாங்கல் மேல் விழுந்து, உட்கார்ந்து, பின்பக்கமாகச் சாய்ந்து, பையின் மேலேயே தலை போய் இடித்தது. அசையாமல் கிடந்தாள். கால் விரலை ஆட்டிப் பார்த்தாள், ஆடியது. கணுக்கால் வலித்தது, உடைந்த வலி இல்லை, அந்த வித்தியாசம் அவளுக்குத் தெரியும். உள்ளங்கையில் தோல் சீவியிருந்தது, ரத்தம் மெதுவாகப் புள்ளி புள்ளியாகத் துளிர்த்தது. யாரிடமாவது காட்ட வேண்டும்போல இருந்தது. காட்ட யாருமில்லாததால் தானே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு நிம்மதி வந்தது. அதற்கு என்ன பேர் என்று அவள் தேடவில்லை. மேலே பார்த்தாள். தான் தொங்கிய விளிம்பு இங்கிருந்து அவ்வளவு உயரமாகத் தெரியவில்லை. அதற்கும் மேலே, பிளவின் நீல நிழலில், அந்தத் தண்ணீரும் மீன்களும் இருந்தன. அதை உலகத்தில் யாரிடமும் அவள் இன்னும் சொல்லவில்லை.

நொண்டி நொண்டி நடந்து வெளியே வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. ஓடை விரிந்து, கரையில் நான்கைந்து பேரீச்ச மரங்களும் ஒரு தகரக் கொட்டகையும் தெரிந்தன, அதைத் தாண்டி ரோடு. தார் வாசனை அடித்ததும் அவளுக்குக் கண் கலங்கியது. பையில் போன் விடாமல் துடித்தது. கோடுகள் முழுக்க வந்துவிட்டன, நாதன், நாதன், நாதன் என்று வரிசையாக. அடுத்த மணியில் எடுத்தாள். அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டவில்லை. எங்க இருக்கெ என்று கேட்டார், ரோட்டுக்கு வந்துட்டேன், காருக்குப் போறேன் என்றாள். அடி ஒண்ணும் படலியே என்றார், இல்லை என்றாள். எச்சில் விழுங்குகிற சத்தம் கேட்டது. இந்த மனுஷர் பயந்திருக்கிறார், மாடியிலேயே நின்றுகொண்டு இருக்கிறார், கீழே இறங்கியிருக்கவே மாட்டார் என்று தெரிந்தது. இப்போது கேட்டால் சொல்லிவிடுவாரோ. வந்துடு வடிவு, போதும் என்று ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை ஆபீசில் போய், இல்லை சார், நான் ஊருக்குப் போறேன் என்று சொல்வதற்கு அந்த ஒரு வார்த்தை போதும். ஒரு லாரி கடந்து போயிற்று. அவள் அது போகும்வரை காத்திருந்து, போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"எந்த வழியா போன? முதல்ல இருந்து சொல்லு" என்றார் நாதன்.

"எதுக்கு?"

"எனக்குத் தெரியணும்லா. நீ பாட்டுக்கு எங்கயோ போயிட்ட, நான் இங்க தொட்டியச் சுத்திக்கிட்டு நிக்கேன். இன்னும் ரெண்டு மூணு வருஷம் நீ நடக்கத்தான போற. இனிமே நானும் அந்த வழியா வாரேன்."

இரண்டு மூன்று வருஷம். எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார். அவருக்கு முடிவு செய்ய எதுவும் இருந்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாடியில் கூட நடக்கிற வடிவு அவருக்குப் போதுமாக இருக்கிறாள், மோட்டாரும் முருங்கையும் சொல்வதற்குச் சாயங்காலப் போனில் ஒருத்தி இருக்கிறாள். கோபம் வரும் என்று பார்த்தாள், வரவில்லை. ரோட்டோரச் சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்து, வலிக்கிற காலை நீட்டிக்கொண்டாள். மரத்திலிருந்து தொடங்கி, அவர் மனசில் பதியும்படி நிதானமாகச் சொன்னாள். மரத்துக்கு இடப்பக்கம் இறங்கணும். வெள்ளைக் கூழாங்கல்லாக இருக்கும், கொஞ்ச தூரம் நேராகப் போகும். ம், ம் என்று அவர் கேட்டுக்கொண்டார், அடி எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது, நடக்க ஆரம்பித்துவிட்டார். அப்புறம் ஓடை ரெண்டாப் பிரியும் என்றாள்.

"நீ எந்தப் பக்கம் திரும்பின?"

வலப்பக்கத்துப் பிளவும் அதற்குள் கிடந்த பச்சைத் தண்ணீரும் அவள் கண்முன் வந்தன. "இடப்பக்கம்" என்றாள் வடிவு. "நல்ல அகலமா, வெயிலா இருக்கும். ஆட்டுத்தடம் இருக்கும், பாத்துப் போங்க."